செய்தி சொன்னவர்கள் – 9: ஜான்சன் பார்க்காத ஒளிபரப்பு

1968 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை இரவு. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. கவர்னர் ஜான் கானலிக்கு வயது 51. நாலே கால் ஆண்டுகளுக்கு முன்பு டல்லாஸில் கென்னடியின் காரில் அவருக்கு முன்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து குண்டடி பட்டுப் பிழைத்தவர் இதே கானலிதான். வாழ்த்த வந்திருந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், ஐம்பத்தொன்று என்பது அரசியல்வாதி ஒவ்வொருவனும் வேண்டிக்கொள்ளும் எண், சரியாகப் பெரும்பான்மை என்று ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்தது.

ஏறக்குறைய அதே நேரத்தில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் மாலைச் செய்தி ஆங்கர் வால்டர் கிரான்கைட்டின் வியட்நாம் சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முடிவில், இது என் சொந்தக் கருத்து என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அவர் பேசினார். போர் இழுபறியில் சிக்கிக்கொண்டது, வெற்றியாளராக அல்லாமல் கொடுத்த வாக்கைக் காக்க முயன்ற கண்ணியமானவர்களாகப் பேச்சுவார்த்தைக்குப் போவதே வழி என்பது சாரம்.

இதன் தொடர்ச்சியாக இதழியல் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு கதை சொல்லித்தரப்படுகிறது. ஜான்சன் வெள்ளை மாளிகையில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார், சட்டென்று பெட்டியை அணைத்தார், கிரான்கைட்டை இழந்துவிட்டேன் என்றால் நடுத்தர அமெரிக்காவையே இழந்துவிட்டேன் என்றார், ஒரு மாதத்தில் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஓர் ஆங்கர் போரை நிறுத்திய கதை இது.

ஆனால் ஜான்சன் அன்று வெள்ளை மாளிகையில் இல்லை, பிறந்தநாள் விருந்தில் இருந்தார். இதழியல் ஆய்வாளர் ஜோசப் கேம்ப்பெல் 2010இல் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். ஜான்சன் பின்னாளில் பதிவைப் போட்டுப் பார்த்தார் என்பதற்கும் சான்று இல்லை. சொன்னதாகக் கூறப்படும் வாசகமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர் ‘நடுத்தர அமெரிக்கா’ என்பார், இன்னொருவர் ‘நாடு’ என்பார், மற்றொருவர் ‘போர்’ என்பார். ஜான்சன் செட்டை அணைத்த காட்சியைத் தன்னிடம் சொன்னவர் பில் மோயர்ஸ் என்று கிரான்கைட் சொல்லிவந்தார். மோயர்ஸோ 1967 தொடக்கத்திலேயே வெள்ளை மாளிகை வேலையை விட்டுப் போனவர். ஒளிபரப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து, மார்ச் 18 அன்று, மினியாபொலிஸ் நகரில் விவசாயிகள் மாநாட்டில் பேசிய ஜான்சன் போரில் வெல்ல நாடு முழுமூச்சாக இறங்க வேண்டும் என்று முழங்கினார். கிரான்கைட்டால் மனம் உடைந்தவர் பேசுகிற பேச்சா அது?

ஜான்சனைப் பணியவைத்தவை வேறு. மேலும் 2,06,000 வீரர்கள் வேண்டும் என்று தளபதி வெஸ்ட்மோர்லண்ட் தரப்பு கேட்டதும், அது பத்திரிகையில் கசிந்ததும் ஒன்று. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில் யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கியது இன்னொன்று. புதிய பாதுகாப்புச் செயலர் கிளார்க் கிளிஃபோர்டும், ‘ஞானிகள்’ என்று அழைக்கப்பட்ட மூத்த ஆலோசகர்களும் மாத இறுதியில் கையை விரித்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு இந்தக் கணக்கில் பெரிய பங்கு இல்லை.

‘இழுபறி’ என்று சொன்னதிலும் கிரான்கைட் முந்திக்கொண்டவர் அல்லர். நியூயார்க் டைம்ஸில் ஆர்.டபிள்யூ. ஆப்பிள் அதை எழுதியது 1967 ஆகஸ்டில். முதலாளிகளின் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னல்கூட, வியட்நாம் முயற்சி முழுவதுமே கைநழுவிப்போகலாம், மக்கள் தயாராக இருக்கட்டும் என்று இவருக்கு நான்கு நாள் முன்பே தலையங்கம் எழுதிவிட்டது. போருக்குப் போனது தவறு என்று சொன்னவர்கள் கேலப் கருத்துக்கணிப்பில் 1967 அக்டோபரிலேயே 47 சதவீதம், தவறில்லை என்றவர்களை விட அதிகம். மக்கள் முன்னே போனார்கள், கிரான்கைட் பின்னால் வந்து சேர்ந்தார்.

பின்னால் வந்தவர் என்று சொல்வதாலேயே அந்தப் பயணத்தை மட்டம் தட்டிவிட முடியாது. 1965இல் வியட்நாம் போன கிரான்கைட் அமெரிக்கப் படைபலத்தைக் கண்டு வியந்து திரும்பியவர். இரண்டாம் உலகப்போரைப் பார்த்த தலைமுறை அது, சீருடை அணிந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பிய தலைமுறை. 1968 ஜனவரி இறுதியில் வியட்நாமில் எதிரிகளின் டெட் புத்தாண்டுத் தாக்குதல் செய்தி டெலிபிரிண்டரில் வந்தபோது, நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா நினைத்தேன் என்று அவர் செய்தி அறையிலேயே கத்தினார் என்பார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நேரே கிளம்பினார். ஹுவே நகரில் சண்டை முடியவில்லை. அங்கிருந்து வெளியேறிய ஹெலிகாப்டரில் அவரோடு வந்தவை பன்னிரண்டு மரைன் வீரர்களின் சடலப் பைகள். ஃபூ பாய் முகாமில், பழைய போர்க்களத்திலிருந்தே அவருக்குப் பழக்கமான தளபதி கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ் ஒளிவுமறைவில்லாமல் நிலைமையைச் சொன்னார். தன் கண்ணால் பார்க்காமல் கருத்து மாறாதவர், பார்த்ததும் மாற்றிக்கொண்டார். அது ஒரு நிருபரின் நேர்மை. போரை நிறுத்தியது என்பது பிற்பாடு ஒட்டப்பட்ட கதை. தொடக்கத்தில் தன் பேச்சின் தாக்கத்தை அவரே அடக்கிச் சொன்னார். ஊர் புகழப் புகழ, வயது ஏற ஏற, அவரும் அதை நம்பத் தொடங்கினார். யார்தான் நம்ப மாட்டார்கள்?

சென்ற அத்தியாயத்தில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எதிர்த்து நின்ற எட்வர்ட் மர்ரோவைப் பார்த்தோம். மர்ரோ வானொலிக் கவிஞர், கிரான்கைட் செய்தி ஏஜென்சிக்காரர். அவருடைய பலமும் பலவீனமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

1916 நவம்பர் 4 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, டெக்சாஸ் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். கன்சாஸ் சிட்டி வானொலி நிலையம் ஒன்றில் வால்டர் வில்காக்ஸ் என்ற பெயரில் அறிவிப்பாளராக இருந்தார். ஒருநாள் மேலாளர் ஓடிவந்து, நகர மண்டபத்தில் தீ, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்துவிட்டார்கள், என் மனைவி போனில் சொன்னாள், உடனே சொல் என்றார். கிரான்கைட் தீயணைப்புத் துறைக்கு போன் போட்டுக் கேட்கிறேன் என்றார். தேவையில்லை என்று சொல்லி மேலாளரே மைக்கில் அறிவித்துவிட்டார். கடைசியில் அது சின்னத் தீ, யாரும் சாகவில்லை. வேலை போனதோ கிரான்கைட்டுக்கு.

1937இல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். போட்டி நிறுவனத்தை ஒரு நிமிடமாவது முந்த வேண்டும், ஆனால் தப்பாகப் போய்விடக் கூடாது. இந்த இரட்டைக் கயிற்றில் பதினோரு ஆண்டு நடந்தார். 1943 பிப்ரவரி 26 அன்று ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மீது குண்டுபோட்ட விமானப் படையோடு பறந்த ஆறு நிருபர்களில் அவரும் ஒருவர். நியூயார்க் டைம்ஸின் ராபர்ட் போஸ்ட் அன்று திரும்பவில்லை. நிருபர் ஆயுதம் தொடக் கூடாது என்பது விதி. இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டேன் என்று கிரான்கைட் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டார். நடுநிலைமையின் தெய்வமாகப் பின்னாளில் கும்பிடப்பட்டவரின் வாழ்க்கையில் இந்தக் காட்சியும் உண்டு.

1950இல் சி.பி.எஸ். அழைத்தது. தொலைக்காட்சியில் அவர் செய்யாத வேலை இல்லை. 1954இல் காலை நிகழ்ச்சி ஒன்றில் சார்லமேன் என்ற சிங்கப் பொம்மையோடு உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசினார். 1962 ஏப்ரல் 16 அன்று மாலைச் செய்திக்கு வந்தார். அப்போது செய்தி 15 நிமிடம். 1963 செப்டம்பர் 2 அன்று அது அரை மணி நேரமானது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தூர்தர்ஷனில் அந்தக்காலச் செய்தி வாசிப்பாளர்கள் பிறர் எழுதிக் கொடுத்ததை அழகாக வாசித்தவர்கள். கிரான்கைட் வாசித்தவர் மட்டும் அல்லர், நிர்வாக ஆசிரியர் என்ற பதவியையும் கேட்டு வாங்கிக்கொண்டவர். எந்தச் செய்தி முதலில், எதற்கு எத்தனை வினாடி என்பது அவர் கையில். நிமிடத்துக்கு 124 சொல் என்று பேச்சின் வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்துப் பழகியிருந்தார், சாதாரண அமெரிக்கர் பேசுவதோ ஏறக்குறைய 165.

அரை மணி நேரமாகி மூன்று மாதம் ஆகவில்லை. 1963 நவம்பர் 22. நியூயார்க்கில் மதியம் 1.40. நாடகத்தொடர் நேரலையாக ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் திடீரென்று ஓர் எழுத்து அட்டை. பின்னாலிருந்து குரல் மட்டும்: டல்லாஸில் ஜனாதிபதியின் ஊர்வலத்தின் மீது மூன்று முறை சுடப்பட்டது. முகம் தெரியாததற்குக் காரணம் தொழில்நுட்பம். அந்தக்காலக் கேமராவின் குழாய்கள் சூடேற நேரம் பிடிக்கும். (அன்றைக்குப் பிறகு செய்தி அறையில் எப்போதும் ஒரு கேமராவைச் சூடாகவே வைத்திருந்தார்கள்.) சுமார் இரண்டு மணிக்குத்தான் முகம் தெரிந்தது, கோட் போடாமல், சட்டையும் டையுமாக.

இனி வந்த முப்பத்தெட்டு நிமிடத்தைத்தான் நான் கிரான்கைட்டின் மிகப்பெரிய சாதனை என்பேன். டல்லாஸ் துணை நிலையத்தின் எடி பார்க்கர் மருத்துவமனை வட்டாரத்தைச் சொல்லி ‘இறந்துவிட்டார்’ என்கிறார். கடைசிச் சடங்கு செய்த பாதிரியார்கள் இறந்துவிட்டார் என்றதாகத் தகவல் வருகிறது. சி.பி.எஸ். நிருபர் டான் ராதரும் அதையே உறுதியாகச் சொல்கிறார், அதை நம்பி சி.பி.எஸ். வானொலி மரணத்தை அறிவித்தும்விட்டது. கிரான்கைட் எல்லாவற்றையும் சொல்கிறார், ஒவ்வொன்றையும் இன்னார் சொன்னது, அதிகாரபூர்வமானது அல்ல என்று ஒட்டுப்போட்டே சொல்கிறார். மேலாளர் மனைவியின் போனை நம்பாத அதே பழைய வில்காக்ஸ். பிறகு ஒரு துண்டுத்தாள் கைக்கு வருகிறது. கறுப்புச் சட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார்: மத்திய நேரம் பகல் ஒரு மணிக்கு ஜனாதிபதி கென்னடி காலமானார். கண்ணாடியைக் கழற்றுகிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கிழக்கு நேரம் இரண்டு மணி, அதாவது முப்பத்தெட்டு நிமிடத்துக்கு முன்பு என்று கணக்குச் சொல்கிறார். குரல் அடைக்கிறது. எச்சில் விழுங்கிக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, துணை ஜனாதிபதி ஜான்சன் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார் என்று அடுத்த வரிக்குப் போகிறார்.

இருக்கையை விட்டு எழுந்து போனபின் ஒரு போன் வந்ததாம். கென்னடியைக் கவிழ்ப்பதிலேயே குறியாக இருந்த கிரான்கைட்டை இந்த நேரத்தில் போய் அழவைத்துக் காட்டுகிறீர்களே என்று ஒரு சீமாட்டி சி.பி.எஸ்.ஸைத் திட்டினாள். பேசுவது கிரான்கைட்தான், நீ ஒரு முட்டாள் என்று சொல்லி போனை வைத்தேன் என்பார்.

அதே நாளில்தான் ஒரு கறையும் விழுந்தது. குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் இந்தியானாவில் அரசியல் கூட்டத்தில் இருக்கிறார், கொலை பற்றிக் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார் என்ற தொனியில் ஒரு செய்தி இவர் வாயிலிருந்து போனது. கோல்ட்வாட்டர் அன்று போயிருந்தது தன் மாமியாரின் உடலை அடக்கம் செய்ய. கென்னடி சாவை இத்தனை கவனமாகச் சரிபார்த்த மனிதர், தமக்குப் பிடிக்காத அரசியல்வாதியைப் பற்றிய ஒரு வரியைச் சரிபார்க்கவில்லை.

இந்தக் கறைகள் பலவும் வெளிச்சத்துக்கு வந்தது அவர் மறைந்த பிறகு, 2012இல் டக்ளஸ் பிரிங்க்லி எழுதிய தடிமனான வாழ்க்கை வரலாற்றில். (என்.பி.சி.யில் கிரான்கைட்டின் போட்டியாளராக இருந்த டேவிட் பிரிங்க்லி வேறு ஆள்.) அவரைப் போற்றி எழுதப்பட்ட புத்தகம் என்பதால், அதில் வருகிற குற்றச்சாட்டுகளுக்கு எடை கூடுதல். 1952 குடியரசுக் கட்சி மாநாட்டில் மூடிய அறைக் குழுக் கூட்டத்தை சி.பி.எஸ். ஒட்டுக்கேட்ட கதை அதில் ஒன்று. இன்னொன்று இன்னும் கனமானது. 1968இல், வியட்நாம் சிறப்பு நிகழ்ச்சி வந்த அதே பருவத்தில், ராபர்ட் கென்னடியைத் தனியாகச் சந்தித்து, போரை நிறுத்துவதற்காகவாவது ஜனாதிபதித் தேர்தலில் நில்லுங்கள் என்று வற்புறுத்தினார். பதிலுக்கு கென்னடி, நீங்கள் செனட் தேர்தலில் நில்லுங்களேன் என்றார். தமது கருத்தைத் திரையில் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன், பெயர் ஒட்டிச் சொன்ன கருத்து அது. திரைக்குப் பின்னால் வேட்பாளரைத் தேடிப்போய்த் தூண்டிவிட்டு, முன்னால் வந்து அதே தேர்தலை நடுநிலையாளராக வர்ணித்ததுதான் உறுத்துகிறது. பார்த்துக்கொண்டிருந்த சுமார் இரண்டு கோடிப் பேருக்கு இது தெரியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சிகாகோ. ஜனநாயகக் கட்சி மாநாட்டு அரங்கத்திலேயே டான் ராதரைக் காவலர்கள் வயிற்றில் குத்தித் தள்ளினார்கள். இவர்கள் ரவுடிகள் போலிருக்கிறதே என்று கிரான்கைட் நேரலையில் வெடித்தார். வெளியே போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் இதற்கெல்லாம் பொறுப்பான மேயர் ரிச்சர்ட் டேலி கிரான்கைட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நாடே காத்திருந்தது. கிரான்கைட்டோ விருந்தாளியை உபசரிப்பதுபோலப் பேசி அனுப்பினார். ஏன் இப்படிக் குழைந்தார் என்று அவருடைய சகாக்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். அதிகாரத்தில் இருப்பவர் நேரில் வந்துவிட்டால் மரியாதை முந்திக்கொள்ளும் குணம் அவருக்குக் கடைசிவரை உண்டு. நாசா விஷயத்திலும் அதேதான். 1969இல் நிலவில் இறங்கியபோது வாயடைத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கையைத் தேய்த்த அந்த முகம் அழகு. ஆனால் விண்வெளித் திட்டத்தின் செலவையும் ஆபத்தையும் பற்றி அவரிடமிருந்து கடுமையான கேள்வி வந்ததில்லை.

ஜனாதிபதி நிக்சனைச் சூழ்ந்த வாட்டர்கேட் ஊழலில் இரண்டு கிரான்கைட்டும் சேர்ந்தே தெரிகிறார்கள். 1972 அக்டோபர் வரை அது கிட்டத்தட்ட வாஷிங்டன் போஸ்ட்டின் தனி விவகாரம். படம் இல்லாத கதை என்பதால் தொலைக்காட்சி தொடவில்லை. அக்டோபர் 27 அன்று கிரான்கைட் துணிந்து 14 நிமிடம் ஒதுக்கினார். விளம்பரம் போக மொத்தச் செய்தியே 22 நிமிடம்தான். போஸ்ட்டின் ஆசிரியர் பென் பிராட்லீ பெருமூச்சு விட்டார். இனி இது தேசியச் செய்தி. உடனே நிக்சனின் ஆள் சார்ல்ஸ் கோல்சன் சி.பி.எஸ். அதிபர் வில்லியம் பேலியைப் போனில் பிடித்துக் காய்ச்சினார். நான்கு நாள் கழித்து வந்த இரண்டாம் பகுதி எட்டு நிமிடமாகச் சுருங்கியது. வெட்டச் சொன்னவர் செய்திப் பிரிவுத் தலைவர் ரிச்சர்ட் சாலண்ட். நிர்வாக ஆசிரியர் கிரான்கைட் அதைத் தடுத்து நிற்கவில்லை. ஒரு வாரத்தில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். எட்டு நிமிடமாவது வந்ததே என்பார்கள் அவருடைய அன்பர்கள். அதுவும் சரிதான், மற்ற இரண்டு சேனல்களிலும் அந்த எட்டும் இல்லை.

‘அமெரிக்காவின் மிக நம்பகமான மனிதர்’ என்ற பட்டம் வந்ததும் அதே 1972இல்தான். ஆலிவர் குவேல் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் கிரான்கைட்டுக்கு 73 சதவீதம், முதலிடம். பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். நிக்சன், ஹம்ப்ரி, மஸ்கி என்று கூட இருந்தவர்கள் எல்லாம் அரசியல்வாதிகள். செய்தித்துறையிலிருந்து சேர்க்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். அரசியல்வாதியைவிடச் செய்தியாளரை நம்புகிறேன் என்று மக்கள் சொன்னதை சி.பி.எஸ். விளம்பரத் துறை மகுடமாக்கி அவர் தலையில் வைத்தது. 1974இல் சக ஆங்கர்களோடு ஒப்பிட்டு எடுத்த ஒரு கணிப்பில் அவருக்கு முதலிடம்கூட வரவில்லை.

இதைச் சொல்வதால் நம்பிக்கையே பொய் என்று ஆகாது. மூன்றே சேனல்கள், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் நாடு, மூன்றிலும் ஏறத்தாழ ஒரே செய்தி. அந்தச் சூழலில் ஒரு முகம் பத்தொன்பது ஆண்டு தினமும் வீட்டுக்குள் வந்தால் அது உறவினராகிவிடும். அந்த உறவுக்குத் தகுதியாகத் தம் வேலையைப் பெரும்பாலான நாட்களில் கிரான்கைட் ஒழுங்காகச் செய்தார். அரை மணிச் செய்தியின் மொத்த வாசகத்தையும் அச்சிட்டால் பத்திரிகையின் முதல் பக்கம்கூட நிரம்பாது, ஆகையால் பத்திரிகை படியுங்கள் என்று தம் தொழிலைத் தாமே குறைத்துச் சொன்ன ஆங்கர் அவர். பார்வையாளர்கள் அதைக் கேட்கவில்லை. அவரைப் பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

1976இல் ஏ.பி.சி. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்து பார்பரா வால்டர்ஸை மாலைச் செய்திக்கு அழைத்தபோது, கேளிக்கையிலிருந்து செய்தியைக் காக்க நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணா என்று குமட்டலோடு எதிர்வினை செய்தார். சிங்கப் பொம்மையை அவர் மறந்திருக்கலாம். நட்சத்திர ஆங்கர் என்ற பதவியைக் கட்டியெழுப்பியதே அவரை முன்னிறுத்தித்தான். அடுத்த ஆண்டு எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் ஒரே செய்தியில் பேசவைத்தபோது, சமாதானத்தையே கிரான்கைட் கொண்டுவந்தார் என்று எழுதினார்கள். ஜெருசலேம் போகத் தயார் என்று சதாத் தம் நாடாளுமன்றத்தில் ஐந்து நாள் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பேட்டி காரியத்தை விரைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

1981 மார்ச் 6 அன்று கடைசிச் செய்தி. அடுத்த திங்கட்கிழமை அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் டான் ராதர். கிரான்கைட்டை இயக்குநர் குழுவில் வைத்துக்கொண்ட சி.பி.எஸ்., திரையில் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்தது. சீக்கிரம் ஓய்வு பெற்றது தப்பு என்று அவர் புலம்பாத நாளில்லை. 2009 ஜூலை 17 அன்று, 92 வயதில் காலமானார்.

ராதரோ 1963 நவம்பரில் கென்னடி இறந்துவிட்டார் என்று உறுதியாகச் சொன்னவர். அன்று அவர் சொன்னது சரியாக இருந்தது. 2004இல், ஜார்ஜ் புஷ்ஷின் ராணுவச் சேவை பற்றிய சில தட்டச்சுத் தாள்கள் கைக்கு வந்தபோதும் அதே உறுதியோடு ஒளிபரப்பினார். அந்தத் தாள்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்க யார் யாருக்கு போன் போட்டார்கள், யாருக்குப் போடவில்லை என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)